சங்குக்குப் போட்ட வாக்கு வீணா?

கேள்வி: 2024 ஜனாதிபதித் தேர்தலில் சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரனுக்கு வாக்களித்தேன். "வெல்லாத ஆளுக்குப் போட்டு வாக்கைக் கோணேசர் மலையிலிருந்து கடலில் எறிந்தாய்" என்று அண்ணா இன்றும் சொல்லிக்காட்டுகிறார். அடுத்த முறையும் மனதுக்குப் பிடித்தவருக்கே போட ஆசை. அது வீணா அக்கா?
- வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: அன்பின் தங்கைக்கு,

வீணில்லை. ஆனால் ஒன்று சொல்லுங்கள்: அன்று 1 போட்ட பிறகு 2, 3 போட்டீர்களா?

காரணத்தோடுதான் கேட்கிறேன். ஜனாதிபதித் தேர்தலில் மூன்று பேருக்கு விருப்பு வாக்கு இடலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்றவர்களை நீக்கிவிட்டு, அவர்களுடைய சீட்டுகளை மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். உங்கள் 2 அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவருக்குச் சேரும். இல்லையென்றால் 3ஐப் பார்ப்பார்கள். 2024இல்தான் இது முதன்முதலாகத் தேவைப்பட்டது. அநுர குமார திசாநாயக்க 42.31 வீதம், சஜித் பிரேமதாச 32.76 வீதம். மற்றவர்களுக்கு விழுந்தவை 33 இலட்சத்துக்கும் மேல். அவற்றிலிருந்து இந்த இருவருக்கும் போய்ச் சேர்ந்தவை சுமார் 2 இலட்சத்து 73 ஆயிரம்தான்! வித்தியாசமோ 12 இலட்சம். முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை இந்தக் கணக்கைக் கேட்டபோது எனக்கு மனம் ஆறவேயில்லை. இத்தனை பேர் வரிசையில் நின்று, கையில் இருந்த இரண்டாவது சொல்லைச் சொல்லாமலே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

அரியநேத்திரனுக்குக் கிடைத்தது 1.70 வீதம், அதாவது 2 இலட்சத்து 26 ஆயிரத்துக்கு மேல். வெல்ல அல்ல, தமிழர்களான எங்கள் கோரிக்கையை எண்ணிக் காட்டத்தான் அவரை நிறுத்தினார்கள். அந்த எண் பதிவில் இருக்கிறது. இன்னொன்றையும் அண்ணாவுக்குச் சொல்லுங்கள்: 2024இல் வென்ற அநுரவுக்கு, 2019இல் மூன்றாவதாக வந்தபோது கிடைத்தது 3.16 வீதம்தான். அன்று அவருக்குப் போட்டவர்களிடமும் வாக்கு வீண் என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்!

பாராளுமன்றத் தேர்தல் என்றால் நான் அண்ணாவின் பக்கம் கொஞ்சம் சாய்வேன். திருகோணமலைக்கு மொத்தமே 4 ஆசனம். அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு ஒன்று போனஸாகப் போய்விடும். மிச்சம் மூன்றைத்தான் பங்கிடுவார்கள். மாவட்டத்தில் 5 வீதம் எடுக்காத கட்சியைப் பங்கீட்டில் கணக்கிலேயே எடுப்பதில்லை, அங்கே இன்னொரு கட்சிக்கு 2ஆவது விருப்பம் போடவும் முடியாது. 2024 நவம்பரில் யாழ்ப்பாணத்தில் தனித்தனியே கேட்ட தமிழ்க் கட்சிகள் இங்கே தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் சேர்ந்து நின்றது, வாக்குச் சிதறி ஆசனம் போய்விடும் என்ற பயத்தில்தான். ஒரு ஆசனம் கிடைத்தது. அந்தத் தேர்தலில் சிறிய கட்சிக்குப் போட நினைத்தால், அது 5 வீதத்தைத் தாண்டுமா என்று முதலில் ஊரில் விசாரியுங்கள்.

ஜனாதிபதித் தேர்தலில் அந்தக் கவலை வேண்டாம். பிடித்தவருக்கு 1 போடுங்கள். அப்புறம், வெல்லக்கூடிய இருவரில் யார் வந்தால் உங்களுக்குக் கொஞ்சமாவது பரவாயில்லையோ அவருக்கு 2. யார் அந்த இருவர் என்று நிச்சயமில்லாவிட்டால் 3ஐயும் விடாதீர்கள். இலக்கம் போடுகிற சீட்டில் புள்ளடியை (X) கலந்துவிட வேண்டாம். சீட்டே செல்லாமல் போய்விடும்.