பில் வந்ததும் கார்டை எடுக்காதீர்கள்

கேள்வி: விசிட்டர் விசாவில் நியூஜெர்சிக்கு வந்த அம்மாவுக்குத் திடீரென நெஞ்சுவலி. எமர்ஜென்சியில் ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். மருத்துவமனை பில் 14,000 டாலர். ஏற்கெனவே இருந்த நோய் என்று சொல்லி இன்சூரன்ஸில் கைவிரித்துவிட்டார்கள். கிரெடிட் கார்டில் கட்டிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கார்டில் கட்டிவிட்டால் அது வங்கிக் கடன். அப்புறம் மருத்துவமனையோடு பேரம் பேச வழியில்லை. முதலில் பில்லிங் அலுவலகத்தில் 'ஐட்டமைஸ்டு பில்', அதாவது ஒவ்வொரு கட்டணத்தையும் தனித்தனியாகக் காட்டும் பில் கேளுங்கள். எடுக்காத டெஸ்ட்டோ இரண்டு தடவை ஏறிய கட்டணமோ இருந்தால் அதில்தான் தெரியும்.

கூடவே 'சாரிட்டி கேர்' படிவத்தையும் கேளுங்கள். பெயரில் தர்மம் என்று இருக்கிறதே எனக் கூச்சப்பட வேண்டாம், அது மருத்துவமனைக் கட்டணத்தில் தள்ளுபடி தரும் மாநில அரசின் திட்டம். வருமானம் மத்திய அரசின் வறுமைக்கோட்டைப்போல இரண்டு மடங்குக்குள் இருந்தால் முழுத் தள்ளுபடி, மூன்று மடங்கு வரை ஒரு பகுதி. நியூஜெர்சியில் வசிக்காதவர்களுக்கு எமர்ஜென்சி சிகிச்சைக்கு மட்டும் உண்டு. பலரும் தவறவிடுவது இதைத்தான்: அம்மாதான் நோயாளி என்பதால் அவருடைய வருமானத்தைத்தான் பார்ப்பார்கள், உங்கள் சம்பளத்தை அல்ல. நீங்கள்தான் அவரைப் பராமரிக்கிறீர்கள் என்று உங்களிடம் ஒரு கடிதம் கேட்கக்கூடும். ஆனால் சேமிப்புக்கும் வரம்பு இருக்கிறது: தனிநபருக்கு 7,500 டாலர், குடும்பத்துக்கு 15,000. ஊரில் இருக்கும் ஃபிக்ஸட் டெபாசிட்டும் கணக்கில் வரும், மறைக்காதீர்கள்.

சாரிட்டி கேர் கிடைக்காவிட்டால் இன்னொரு வழி: லாப நோக்கமற்ற மருத்துவமனைகளுக்குச் சொந்தமாக ஓர் உதவித் திட்டம் இருக்க வேண்டும் என்பது மத்திய வரிச் சட்டம். வீட்டுக்கு அனுப்பியபின் வரும் முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். அதுவும் இல்லையென்றால் இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கான தள்ளுபடியும் வட்டியில்லாத் தவணையும் கேளுங்கள்.

டாக்டர், ரேடியாலஜி (ஸ்கேன், எக்ஸ்ரே) பில்கள் தனித்தனியாக வரும். சாரிட்டி கேர் பொதுவாக அவற்றைத் தொடாது. ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேச வேண்டியதுதான்.

இன்சூரன்ஸ் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். பாலிசியில் 'அக்யூட் ஆன்செட்' பிரிவு இருக்கிறதா பாருங்கள். பழைய நோய் முன்னறிகுறியின்றித் திடீரெனத் தாக்கி, 24 மணி நேரத்துக்குள் சிகிச்சை எடுத்திருந்தால் பல பாலிசிகள் பணம் தரும், வயது வரம்புக்குள் இருந்தால். மருத்துவமனைக் குறிப்புகளோடு அப்பீல் போடுங்கள்.

அம்மா விமானம் ஏறுவதற்குள் இந்தப் படிவங்களிலும், அவர் சார்பாக நீங்கள் பேசுவதற்கான அனுமதிக் கடிதத்திலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.