ஆபரேஷனுக்குப் பிறகும் கழன்று போகும் செருப்பு

கேள்வி: என் அம்மாவுக்கு 52 வயது. மல்லிகைப்பூ பறிக்கும் வேலை. நாலு மாதத்துக்கு முன் இடுப்புப் பகுதியில் எல்4-எல்5 டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டு) ஆபரேஷன் நடந்தது. காலில் இழுத்த வலி போய்விட்டது. ஆனால் இடுப்பு வலி விடவில்லை. வலது கால் செருப்பு தானாகக் கழன்றுவிடுகிறது. பகலெல்லாம் பெல்ட்டோடுதான் இருக்கிறார். ஆபரேஷன் சரியாக நடக்கவில்லையா?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: கால் வலி போயிருப்பது நல்ல அறிகுறி. மிச்சமிருப்பவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

செருப்பு கழல்வது நரம்பு விவகாரம். பெருவிரலையும் பாதத்தையும் மேலே தூக்க வைப்பது, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் எல்5 நரம்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் நிற்கச் சொல்லுங்கள். வலது பாதம் மட்டும் எழும்பாவிட்டால் அந்த நரம்பின் பலம் குறைந்திருக்கிறது. இது ஆபரேஷனுக்கு முன்பே இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. புதிதாக வந்திருந்தாலோ, கூடிக்கொண்டே போனாலோ உடனே சர்ஜனிடம் காட்டுங்கள். பழையது என்றால் பொறுமை வேண்டும்: லேசாக நசுங்கிய நரம்பு சில மாதத்தில் தேறும், உள்ளிழைகள் சிதைந்திருந்தால் நாளுக்கு சுமார் 1 மி.மீ. வேகத்தில்தான் முளைத்து வரும். அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கி 5 எண்ணி இறக்கட்டும். 10 முறை, மூன்று வேளை. பின்வார் வைத்த செருப்பு போடட்டும். தடுக்கி விழுந்தால் பாதத்தைத் தாங்கும் ஸ்பிளின்ட் தேவைப்படும்.

இடுப்பு வலி தசை விவகாரம். முதுகெலும்பை ஒட்டிய ஆழமான தசையை விலக்கித்தான் டிஸ்க்கைத் தொட முடியும். அது மெலிந்துவிடும், வேலை கொடுக்காமல் தேறாது. பெல்ட்டோ அந்த வேலையைப் பிடுங்கிக்கொள்கிறது. சர்ஜனைக் கேட்டுக்கொண்டு, இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கழற்றுங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கி 5 எண்ணி இறக்குவது: 10 முறை. மூச்சை அடக்கக் கூடாது, பலரும் செய்யும் தப்பு இது. முதல் சில நாள் பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்வது நல்லது. மதுரை பெரியாஸ்பத்திரியிலும் பிசியோதெரபி உண்டு. இடுப்பு வலித்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் பரவாயில்லை. வலி காலுக்கு இறங்கினால் நிறுத்திவிடுங்கள்.

பூ பறிக்க எப்போது போகலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும். ஒன்று மட்டும்: இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க் நீர் உறிஞ்சி உப்பியிருக்கும், எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவது அதற்கு ஆகாது. உங்கள் ஊரில் பூ பறிப்பதோ விடியுமுன்! ஆகவே ஒரு மணி நேரம் முந்தியே எழுந்து நடமாடிவிட்டுப் போகட்டும். செடியருகே ஒரு முழங்காலை ஊன்றிப் பறிக்கலாம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து நாலு எட்டு நடக்க வேண்டும்.

சிறுநீர் அடைத்தாலோ, உட்காருமிடம் மரத்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலோ தையலில் கசிவோ இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். பாதத்தில் பலம் துளியும் கூடவில்லை என்றால் கான்ட்ராஸ்ட் ஊசி (படத்தில் வேறுபாட்டைக் காட்டும் மருந்து) போட்டு எம்ஆர்ஐ எடுக்கலாமா என்று கேளுங்கள். ஊசி இல்லாமல் எடுத்தால் ஆபரேஷன் செய்த இடத்தில் உள்ளே உண்டான தழும்பையும் புதிதாகப் பிதுங்கிய டிஸ்க்கையும் பிரித்துப் பார்ப்பது சிரமம்.