சிகாகோவிலிருந்து அப்பா அம்மாவோடு காரில் எங்கே போகலாம்?

ஊரிலிருந்து பெற்றோர் வருகிறார்கள், சனி ஞாயிறில் காரில் கூட்டிப்போக அழகான இடம் சொல்லுங்கள், "சிகாகோவைத் தாண்டினால் வெறும் மக்காச்சோளக் காடுதான்" என்று ஆபீஸில் எல்லோரும் சொல்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பதினொரு வருஷமாக சிகாகோ புறநகரான நேப்பர்வில்லில் இருக்கிறேன். இதை எத்தனையோ முறை கேட்டாயிற்று, ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றுதான் இருக்கிறது. இப்படிச் சொல்பவர்களில் பாதிப் பேர் டோல் ரோட்டை விட்டு இறங்கியே இருக்க மாட்டார்கள்.

நீங்கள் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அப்பா அம்மாவுக்கு அறுபதுக்கு மேல், கிடைப்பது இரண்டே நாள் லீவு என்று வைத்துக்கொள்கிறேன்.

எல்லோரும் சொல்லும் இடங்களை முதலில் முடித்துவிடுகிறேன். இண்டியானா டியூன்ஸ் ஒரு மணி நேரத் தூரம். 2019-ல்தான் தேசியப் பூங்கா ஆனது. மிச்சிகன் ஏரிக் கரையில் 15 மைலுக்கு மணல். வானம் தெளிவாக இருந்தால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் சிகாகோ கட்டிடங்கள் தீக்குச்சி நட்டு வைத்தது போலத் தெரியும். விஸ்கான்சினில் டெவில்ஸ் லேக் மூன்று மணி நேரம். ஏரியைச் சுற்றி 500 அடிப் பாறை மதில். டோர் கவுண்டி அழகுதான், சந்தேகமே இல்லை, ஆனால் கடைசி முனை வரை போக ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும், பெரியவர்களுக்கு உடம்பு வலி. கலீனா போகிற வழியைத் தவறவிடாதீர்கள். பனிப்பாறைகள் இல்லினாய் மாநிலத்தின் பெரும்பகுதியை இழைத்துத் தட்டையாக்கிய காலத்தில் அந்த வடமேற்கு மூலையைத் தொடவில்லை. அதனால் அங்கே மேடும் பள்ளமுமாகச் சாலை வளைந்து வளைந்து போகும். ஊருக்குப் பெயரே அங்கே வெட்டியெடுத்த ஈயத் தாதுவின் பெயர்தான். இவையெல்லாம் நல்ல இடங்கள். எதையும் குறை சொல்லவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு ஒரு சாலையை. அதற்கு முன்னால் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், நீங்களும் செய்யக்கூடாது.

2019-ல் அப்பா அம்மா முதல் முறை வந்தபோது நேராக ஸ்டார்வ்ட் ராக் கூட்டிப்போனேன். 18 பள்ளத்தாக்கு, மணற்பாறையிலிருந்து விழும் அருவி, கீழே இல்லினாய் ஆறு என்று போட்டோவில் பார்த்திருந்தேன். வருஷத்துக்கு இருபது லட்சம் பேருக்கு மேல் வரும் இடம் என்பதை யோசிக்கவில்லை. செப்டம்பர் சனிக்கிழமை பதினொரு மணிக்குப் போய், கார் நிறுத்த இடம் பிடிக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்தப் பாறை உச்சிக்குப் போக வரிசையாக மரப்படிகள். அப்பாவுக்கு மூட்டு வலி உண்டு என்று எனக்குத் தெரியும். "மெதுவா ஏறலாம்பா" என்று நானேதான் கூட்டிப்போனேன். அவரும் பிள்ளை ஆசைப்படுகிறானே என்று வாய் திறக்காமல் ஏறினார். அன்றைக்கு ராத்திரி வலது முட்டி தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், இருந்தாலும் பெற்றோரை அழைத்துவரப் போகிறவர் என்பதால் சொல்கிறேன். மறுநாள் டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்தோம். வருகையாளர் இன்சூரன்ஸ் எடுத்திருந்தேன், பிரீமியம் ஒரு பைசா பாக்கியில்லை. "இது முன்பே இருந்த நோய்" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். நான்கு மாதம் போனில் தொங்கினேன். ஒவ்வொரு முறையும் புது ஆள், ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அறுபத்தாறு வயது விவசாயிக்கு முன்பே இல்லாத மூட்டு எங்கே இருக்கும்? கம்பெனி பெயரை எழுத விரும்பவில்லை. பாலிசி வாங்கும் முன், பழைய நோய் திடீரென்று தீவிரமானால் பணம் தருவார்களா, எவ்வளவு வரை என்ற பத்தியை மட்டும் இரண்டு முறை படித்துவிடுங்கள். விலையைப் பார்த்து வாங்காதீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இனி சாலைக்கு வருகிறேன். இல்லினாய் ரூட் 2. ராக்ஃபோர்ட் ஊரிலிருந்து ராக் ஆற்றை ஒட்டியே பைரன், ஆரிகன், கிராண்ட் டிடூர், டிக்ஸன் என்று இறங்கும். ஐ-90 நெடுஞ்சாலை பிடித்து ராக்ஃபோர்ட் போய், இந்தச் சாலையில் இறங்கி, டிக்ஸனில் ஐ-88 ஏறித் திரும்பினால் என் வீட்டிலிருந்து மொத்தமே ஏறக்குறைய 300 கிலோமீட்டர். படி ஏற வேண்டிய கட்டாயம் எங்கும் இல்லை. 2023 மே மாதம் அவர்கள் இரண்டாம் முறை வந்தபோது இப்படித்தான் போனோம்.

அதற்கு முந்திய மூன்று வாரமும் அப்பா வீட்டு ஜன்னலோரத்தில்தான் இருந்தார். எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். பருத்தி, உளுந்து, கம்பு, இப்போது பெரும்பாலும் மக்காச்சோளம். விடிந்தால் காட்டுக்குப் போகிற மனுஷன் இங்கே கார்பெட்டில் உட்கார்ந்து பேரனின் கார்ட்டூனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அருவியும் வேண்டாம், பாறையும் வேண்டாம், சும்மா காரில் ஊர் பார்த்துக்கொண்டு போவோம் என்றுதான் கிளம்பினேன்.

பைரன் தாண்டும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. அங்கே அணுமின் நிலையத்தின் இரண்டு ராட்சதக் கோபுரங்கள் வயலுக்கு நடுவே ஆவி விட்டுக்கொண்டு நிற்கும், அதைப் பார்த்து "கூடங்குளமா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு அப்புறம் ஒரு வளைவில் திடீரென்று, "ஏய்யா, வண்டிய செத்த ஓரங்கட்டு" என்றார். வயிற்றைப் புரட்டுகிறதோ என்று பயந்து நிறுத்தினேன். இறங்கி, சாலையோரப் பள்ளத்தில் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். மே மாதம் விதைப்புக் காலம். பயிர் முளைக்காத நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் கன்னங்கரேலென்று கிடக்கும். முந்தின நாள் மழை வேறு. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மண்ணை வைத்துத் தேய்த்துத் தேய்த்து நாடா மாதிரி நீட்டினார். பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்து உதறினார். விழவில்லை.

"பாத்தியா, நம்ம கரிசலுல்லா இது! அப்பிக்கிடுது பாரு."

அம்மா காருக்குள்ளிருந்து, "யாரு காட்டுலயோ எறங்கி என்ன செய்றீக?" என்று சத்தம் போட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு பிக்கப் டிரக் வந்து மெதுவானது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கார் ரிப்பேரா, உதவி வேண்டுமா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்து, ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் உயர்த்திவிட்டுப் போனார். இந்தப் பக்கத்து நாட்டுப்புறத்தில் அதுதான் வணக்கம். அப்பா மண் ஒட்டிய கையாலேயே கும்பிட்டார்.

மண்ணியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். இரண்டும் வேறு வகை மண் என்று எனக்கும் தெரியும். கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், இது அப்படி வெடிக்காது. இங்கே கறுப்பு, ஆயிரக்கணக்கான வருஷம் உயரப் புல் வளர்ந்து அதன் வேர் மக்கி மக்கி வந்தது. ஆனால் அறுபது வருஷம் மண்ணோடு கிடந்தவர், ஈரத்தில் இது எப்படி நடந்துகொள்ளும் என்று கையில் எடுத்த உடனே சொன்னார். அது சரி என்பது இன்னும் ஒரு மணி நேரத்தில் தெரிந்தது.

ஆரிகன் ஊரில் ஆற்றுக்கு அக்கரையில், மரங்களுக்கு மேலே 48 அடி உயரத்தில் ஒரு சிலை, போர்வை போர்த்திக் கைகட்டி நிற்கும். லொராடோ டாஃப்ட் என்ற சிற்பி கான்கிரீட்டில் செய்து 1911-ல் திறந்தது. பிளாக் ஹாக் சிலை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 1832-ல் தன் சாக் பழங்குடி மக்களோடு மிசிசிப்பியைத் தாண்டி, பறிபோன நிலத்துக்கே திரும்பி வந்து, இந்த ஆற்றை ஒட்டி மேலே வந்த தலைவர். அந்த வருஷம் நடந்த சண்டையில் அவர்கள் தோற்று, நிலம் மொத்தமாகக் கைவிட்டுப் போனது. அம்மாவுக்கு இதைச் சொன்னேன். "ஊர்க்காவல் சாமி மாதிரில்லா நிக்காரு" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் தள்ளி காஸில் ராக்கில் படி இருக்கிறது. அம்மா மட்டும் ஏறி ஆற்றைப் பார்த்துவிட்டு வந்தார். அப்பாவும் நானும் கீழே பெஞ்சில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். இந்த முறை நான் ஏறச் சொல்லவில்லை.

அடுத்தது கிராண்ட் டிடூர். ஆறு ஒரு பெரிய வளைவு போட்டுத் திரும்பும் இடத்தில் சின்னஞ்சிறு கிராமம். வெர்மான்ட்டிலிருந்து 1836-ல் பிழைக்க வந்த ஜான் டீர் என்ற கொல்லர் பட்டறை போட்ட ஊர். அந்தப் பட்டறை இருந்த இடத்தைத் தோண்டி எடுத்து அப்படியே பாதுகாத்திருக்கிறார்கள். பக்கத்தில் அதே மாதிரி ஒரு பட்டறை கட்டி, உலை மூட்டி, இரும்பைக் காய்ச்சி அடித்துக் காட்டுகிறார்கள்.

அங்கிருந்த கொல்லர், கிழக்கிலிருந்து வந்த விவசாயிகள் கொண்டுவந்த வார்ப்பிரும்புக் கலப்பை இந்த மண்ணில் ஏன் தோற்றது என்று சொல்ல ஆரம்பித்தார். நான் தமிழில் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா, "அப்பிக்கிடும்லா. நாலு எட்டுக்கு ஒருக்க நின்னு குச்சிய வச்சு வழிக்கணும்" என்றார். இதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். கொல்லர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். அவர் அடுத்துச் சொல்ல இருந்ததும் அதேதான். உழவர்கள் சில அடிக்கு ஒரு முறை நின்று மரத்தகட்டால் மண்ணை வழித்தார்கள். 1837-ல் ஜான் டீர் உடைந்த ரம்பத் தகட்டின் எஃகை வளைத்துப் பளபளவென்று தேய்த்துக் கலப்பை செய்தார். அந்த வழவழப்பில் மண் ஒட்டாமல் தானாக வழிந்தது.

அப்புறம் ஒரு மணி நேரம் எனக்கு வேலை மொழிபெயர்ப்புதான். மாட்டை எப்படிப் பூட்டுவோம், மேழியை எப்படி அழுத்துவோம் என்று அப்பா கையால் காட்டினார். கொழு மழுங்கினால் ஆசாரி பட்டறையில் காய்ச்சி அடித்து வாங்குவோம் என்றார். எங்கள் மரக்கலப்பை மண்ணைக் கீறும், இது புரட்டிப் போடும் என்று அவரே வித்தியாசம் சொன்னார். கொல்லர் துருத்தியை அவர் கையில் கொடுத்து ஊதச் சொன்னார். நான் போட்டோ எடுக்க மறந்துவிட்டேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அமெரிக்காவில் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வெளியே வந்து பெயர்ப்பலகையைப் படித்துக் காட்டினேன். "ஜான் டீரா? நம்மூர்ல வாடகைக்கு ஓடுற பச்ச டிராக்டர்ல எழுதியிருக்குமே, அதுவா?" என்றார். அது ஒரு ஆளின் பெயர், அதுவும் ஒரு கொல்லரின் பெயர் என்று அவருக்கு அன்றுதான் தெரியும். டிக்ஸன் வரும்வரை அதையே அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்தார். டிக்ஸனில் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் சிறுவயதில் இருந்த வீடு இருக்கிறது. அவர் அந்த ஆற்றில் உயிர்காக்கும் வேலை பார்த்து 77 பேரைக் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். நாங்கள் காரில் இருந்தபடியே பார்த்துவிட்டு வந்துவிட்டோம்.

நேரமிருந்தால் பக்கத்தில் நச்சுஸா புல்வெளிக்குப் போங்கள். உழவு வருவதற்கு முன் இந்த மாநிலம் எப்படி இருந்தது என்று அங்கேதான் தெரியும். பழைய புல்வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இப்போது மிச்சமில்லை. 2014-ல் அங்கே காட்டெருமைகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். எங்களுக்குத் தூரத்தில் இரண்டு பழுப்புப் புள்ளிகள்தான் தெரிந்தன. ஒரு கலப்பையைக் கொண்டாடிவிட்டு அது அழித்ததைப் பார்க்கச் சொல்கிறாயே என்று கேட்பீர்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடிகிறது என்பதற்காகத்தான் இந்தச் சாலையைச் சொல்கிறேன்.

பட்டறை குளிர்காலத்தில் மூடியிருக்கும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மே அல்லது அக்டோபர் நல்லது. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். உங்கள் அப்பா விவசாயி இல்லை, ரிட்டயர்டு வாத்தியார் என்றால் இது அவருக்குப் பிடிக்குமா என்று கேட்டால், ஆறு எல்லோருக்கும் பிடிக்கும், மீதி உங்கள் பொறுப்பு.

அப்பா கிளம்பும்போது அந்த மண்ணில் கொஞ்சம் ஊருக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டார். விமானத்தில் விடமாட்டார்கள் என்றதும் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைத் தொட்டியில் போட்டுவிட்டார். போன வாரம் போனில், "விதைப்பத்தான் பாத்தேன், அறுப்பு எப்படின்னு பாக்கலையே" என்றார். அக்டோபருக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த முறை டிக்ஸனிலிருந்து மேலே போகலாம் என்று இருக்கிறோம்.