பூனை சமையல் மேடையில் ஏறாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேட்டிருப்பது இதுதான்: இரண்டு வயது வீட்டுப் பூனை, சமையல் மேடையை விட மாட்டேன் என்கிறது. அதட்டியாயிற்று, தண்ணீர் பீச்சியாயிற்று, ஒரு தட்டும் தட்டியாயிற்று. ஆள் இருந்தால் ஏறுவதில்லை. வெளியே போய்த் திரும்பினால் மேடை முழுக்கக் காலடித் தடம். என்ன செய்வது?

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் கடைத்தெருவில் காது கொடுத்தால் தமிழ்தான் அதிகம் கேட்கும். எங்கள் வீட்டில் எப்போதும் பூனை உண்டு. இப்போது இருப்பவன் குட்டன், நன்றாகப் பருத்த கடுவன். பெயர் வைத்தது மகள். அவன் மேடையில் ஏறுவதை விட்டுவிட்டான், அதனால் தெம்பாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி உள்ளே வையுங்கள். அதிலிருந்து பூனை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள் இருக்கும்போது ஏறினால் நனைவோம். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு அதற்கு என்ன பயம்? அடிப்பது இன்னும் மோசம். மேடை மேல் வெறுப்பு வராது, உங்கள் கை மேல்தான் வரும். அப்புறம் மருந்து கொடுக்கப் பிடித்தால்கூடக் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அது ஏன் ஏறுகிறது என்று பாருங்கள். சமையல் மேடை பெரும்பாலும் இரண்டே முக்கால் அடி உயரம். வளர்ந்த பூனை நின்ற இடத்திலிருந்தே ஐந்தடி வரை தாவும். உயரத்தில் இருந்து வீட்டைப் பார்ப்பது அதன் பிறவிக் குணம், அதில் குறும்பு ஒன்றும் இல்லை. சில பூனைக்கு ஜன்னல் வேண்டும், சிலதுக்குச் சொட்டும் குழாய் வேண்டும். குழாய்தான் காரணம் என்றால் வாஷரை மாற்றிவிட்டு, சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் இல்லாமல் தள்ளி ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள், தினம் மாற்றுங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும்.

எங்கள் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த மதியத்தில் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் சிங்குக்குப் பக்கத்துக் கல்தான். மேடை போட்டபோது மிஞ்சிய கடப்பைக்கல் துண்டு ஒன்று கிணற்றடியில் கிடந்தது. அதைக் கழுவி, பின்கட்டு நிழலில் செங்கல் மேல் வைத்தோம். வெயில் ஏறினால் குட்டன் இப்போது அதன் மேல்தான், வயிற்றைக் கல்லோடு ஒட்டிக்கொண்டு. மார்கழி, தையில் கணவாய்க் காற்று விர்ரென்று அடிக்கும்போது கதை தலைகீழ். அணைத்த அடுப்பின் சூட்டைத் தேடி வரும். அப்போது ஒரு பழைய சாக்கும் அட்டைப் பெட்டியும் போதும்.

ஆனால் பெரும்பாலான வீட்டில் காரணம் தீனிதான். இதில் ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் லேசு. தமிழ்நாட்டில் லாட்டரியை 2003இல் நிறுத்திவிட்டார்கள், கேரளத்தில் 1967இலிருந்து அரசே நடத்துகிறது. அதனால் வேலந்தாவளம், கோபாலபுரம் என்று எல்லையை ஒட்டிய எந்த ஊரிலும் தமிழ்நாட்டுப் பக்கத்து ஆட்கள் வந்து சீட்டு வாங்குவதைப் பார்க்கலாம். வாங்குகிற சீட்டுக்கெல்லாம் விழுவதில்லை. எப்போதாவது ஒரு நூறு ரூபாய் விழும், அதை நினைத்துக்கொண்டு வருஷம் முழுக்க வாங்குவார்கள். மேடையும் பூனைக்கு அப்படித்தான். ஒன்பது நாள் துடைத்து வைத்துவிட்டு, பத்தாவது நாள் பால் ஏட்டை மூடாமல் விட்டால் போச்சு. தினமும் கிடைத்து ஒருநாள் நின்றால் பூனை சீக்கிரம் மறந்துவிடும். எப்போதாவது கிடைக்கிற இடத்தைத்தான் அது விடவே விடாது.

ஆகவே மேடையில் ஒன்றுமே விழக்கூடாது. ஒன்றுமே என்றால் எண்ணெய் பிசுக்குள்ள தோசைக்கல், தயிர்க் கரண்டி, ஊறப்போட்ட மீன்சட்டி எல்லாம் சேர்த்துத்தான். நம் பாட்டிமார் பூனையைப் பழக்கிக்கொண்டா இருந்தார்கள்? பாலையும் நெய்யையும் உறியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்தார்கள். வலைக்கதவு வைத்த அலமாரி இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, கால் நாலும் எறும்புக்காகத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும். எது இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாத்திரத்துக்குக் கனமான மூடி வேண்டும். லேசான அலுமினியத் தட்டைப் பூனை ஒரு கையால் தள்ளும்.

எங்கள் வீட்டில் பூனையைவிடப் பெரிய வேலை அத்தையைச் சம்மதிக்க வைப்பது. காலையில் மீன்காரர் வண்டி ஹார்ன் கேட்டால் குட்டன் அத்தைக்கு முன்னால் வாசலில் நிற்பான். கேரளத்து வீடுகளில் அடுக்களைக்குப் பின்னால் கிரில் போட்ட ஒரு ஒர்க் ஏரியா இருக்குமல்லவா, அங்கே சிங்கை ஒட்டி நின்று அத்தை மத்தி சுத்தம் செய்வார். அவன் முன்னங்காலை மடித்து உட்கார்ந்து, வால்நுனியை மட்டும் ஆட்டிக்கொண்டு, கத்தி செதிலைச் சுரண்டும் சத்தத்துக்கே காதைத் திருப்புவான். தலையைக் கிள்ளும்போது எழுவான். பின்னங்கால் இரண்டையும் மாற்றி மாற்றி மிதித்து உயரத்தை ஒரு கணக்குப் பார்ப்பான். அடுத்த நொடி மேடையில் இருப்பான். அத்தையும் "இந்தா, தின்னு தொலை" என்று ஒரு தலையைக் கல் மேலேயே போடுவார்.

"அத்தை, தலை குடுக்க வேண்டாம்னு சொல்லல. மேடையில வெச்சுக் குடுக்காதீங்க."

"எங்க வெச்சுக் குடுத்தா என்ன, வயிறு ஒண்ணுதானே?"

அவர் கேட்டது நியாயம். வயிற்றுக்கு வித்தியாசம் இல்லை, பழக்கத்துக்குத்தான் உண்டு. கடைசியில் ஏற்பாடு இப்படி: மீன் சுத்தம் செய்து முடிந்ததும் தலையை உப்புப் போடாமல் வேகவைத்து, முள்ளை எடுத்து, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் அவனுடைய தட்டில் வைப்பது. வைக்கும்போது தட்டை இரண்டு தட்டுத் தட்டுவது. இப்போது அந்தச் சத்தத்துக்கு எங்கிருந்தாலும் வருவான். வீட்டில் இருக்கும் எல்லோரும், விருந்துக்கு வரும் நாத்தனார் உட்பட, இந்த ஒரு விஷயத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். ஒருவர் தளர்ந்தாலும் சீட்டு விழுந்தது போலத்தான்.

சாப்பாட்டு நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். நாம் சமைக்கிற விடிகாலையும் அந்தி நேரமும்தான் பூனை வேட்டைக்குத் துடிக்கிற நேரம். அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே அதன் வயிற்றை நிரப்பிவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்று வைக்காமல் நாலைந்தாகப் பிரித்தால் நல்லது. காட்டில் இருந்தால் எலி எலியாகப் பிடித்துச் சின்னச் சின்னதாகத்தான் தின்னும். வெறும் பால்சோறு, தயிர்சோறு போட்டு வளர்க்கும் வீட்டுக்காரர்கள் பூனை திருடுகிறது என்று புகார் சொல்லக்கூடாது. பூனைக்கு டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்துதான் கிடைத்தாக வேண்டும், குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். பாலோ வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது. ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை கேரளக் கடலில் ட்ராலிங் தடை, அதாவது விசைப்படகுகள் இழுவலை போடக்கூடாது, மீன் விலை ஏறிவிடும். அந்த ஐம்பத்திரண்டு நாளும் கோழி ஈரலையோ முட்டையையோ கொஞ்சம் சேர்த்துப் போடுகிறோம்.

ஏறாதே என்றால் எங்கே ஏறலாம் என்றும் காட்ட வேண்டும். மேடையைவிட உயரமான ஒரு இடம், அடுக்களைக்குள்ளேயே அல்லது அதன் வாசலில், முடிந்தால் ஜன்னல் பக்கம். எங்கள் வீட்டில் அது காலி கேஸ் சிலிண்டருக்கு மேலே சுவரில் அடித்த ஒரு பலகை. அதன் மேல் கோணிச்சாக்கு ஒட்டியிருக்கிறோம், வழுக்கினால் ஏறாது. ஏறி உட்கார்ந்ததும் கழுவி உப்பு போக்கிய நெத்திலிக் கருவாட்டில் நகக்கண் அளவு ஒரு துண்டு. மேடையில் கால் வைத்தால் கத்தாமல், முகம் பார்க்காமல், தூக்கிக் கீழே விடுவது, அவ்வளவுதான். கத்துவதும் அதற்குக் கொஞ்சல் மாதிரிதான், ஆள் கவனிக்கிறார் அல்லவா! ஒரு பூனை ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும், இன்னொன்று மாதம் இழுக்கும். குட்டியிலிருந்தே பழக்கினால் சுலபம்.

ஆள் இல்லாத நேரத்துக்குத்தான் மேடையே காவல் காக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை நீள அட்டைகளில் வரிவரியாக ஒட்டி, மேடை விளிம்பில் வைத்துவிட்டுப் போங்கள். குட்டன் முதல்முறை குதித்தபோது ஒரு காலை எடுத்து உதறினான், உதறிய கால் மறுபடி ஒட்டியது, மூன்றாவது காலோடு இறங்கிவிட்டான். அலுமினியத் தாளைக் கசக்கி விரித்தாலும் சிலது பயப்படும், சிலது அதை விளையாட்டாக்கிக் கிழிக்கும். சமைக்கும்போது அட்டையை எடுத்து வைத்துவிடலாம். பழக்கம் போனதும் அதுவும் வேண்டாம்.

செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார்கள்: பினாயில் தெளி, அந்துருண்டை போடு, கற்பூரம் வை, யூகலிப்டஸ் தைலம் தடவு, மிளகாய்ப்பொடி தூவு. தயவுசெய்து வேண்டாம். பூனை மிதித்ததை எல்லாம் நக்கித்தான் சுத்தம் செய்யும். பினாயில் போன்றவற்றை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அதே காரணத்தால்தான் நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் அரை மாத்திரைகூட அதன் உயிரை எடுக்கும். மாத்திரை அட்டையை மிக்சிக்குப் பக்கத்தில் வைக்கும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வெங்காயம், பூண்டும் ஆகாது, ரத்த அணுக்களை உடைக்கும். நம் மீன்குழம்பில் சின்ன வெங்காயம் எவ்வளவு போகிறது என்று நினைத்துப் பாருங்கள். மிஞ்சிய குழம்புச் சோற்றைப் பூனைக்குப் போடாதீர்கள், மேடையில் திறந்தும் வைக்காதீர்கள்.

அடுப்பு விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறார். ராத்திரி ரெகுலேட்டரை மூடாமல் படுப்பதில்லை, பூனை குமிழில் கால் வைத்தால் திரும்பும். இன்டக்ஷன், தொட்டால் எரியும் மின்னடுப்பு என்றால் பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். தென்கொரியத் தலைநகர் சியோலில் 2019 முதல் 2021 வரை பூனை மின்னடுப்பைத் தட்டிவிட்டு உண்டான தீ விபத்துகள் மட்டும் நூற்றுக்கு மேல் என்று அந்த ஊர்த் தீயணைப்புத் துறை சொன்னது.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் மேடையில் பூனைக் கால் பட்டாலே பதறுவார்கள். கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையிடமிருந்து மலத்தில்தான் வரும், அதுவும் தொற்றிய புதிதில் ஒன்றிலிருந்து மூன்று வாரம், பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே தடவை. மலம் ஒரு நாளாவது பழசானால்தான் தொற்றும். எனவே மணல்தட்டைத் தினமும் வேறு யாராவது சுத்தம் செய்ய வேண்டும், மேடையைச் சமைக்கும் முன் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் போதும். சரியாக வேகாத இறைச்சியும் மண்ணோடு வரும் காய்கறியும்தான் இதைவிடப் பெரிய வழி.

உங்கள் பூனைக்கு இரண்டு வயதுதான், அதனால் இனிச் சொல்வது அதற்குப் பொருந்தாது. பத்து வயதைத் தாண்டிய ஒன்று, இதுவரை ஒழுங்காக இருந்துவிட்டுத் திடீரென்று மேடையில் ஏறித் திருடினால் அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டுங்கள். தைராய்டு கூடினாலும் சர்க்கரை வந்தாலும் அடங்காப் பசி எடுக்கும், தின்னத் தின்ன இளைக்கும். குட்டிகளுக்கு அந்தப் பசி பெரும்பாலும் குடல்புழுவால்.

கடைசியாக, தடம் உங்கள் பூனையுடையதுதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பின்கட்டு கிரில்லில் பக்கத்து சேச்சி வீட்டுப் பூனை ரொம்ப நாளாக வந்து போய்க்கொண்டிருந்தது, பழி மட்டும் குட்டன் மேல். அதற்குப் பயிற்சியெல்லாம் கொடுக்க முடியாது. கோழிவலையைக் கிரில்லுக்குள் பக்கமாக வைத்துக் கட்டினோம், கீழே ஒரு சாண் மடித்து.