அப்பாவோட பழைய ஜீப்: ரிப்பேர் பண்றதா, வித்துடறதா?

திருவொற்றியூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. வீட்ல 1994 மாடல் மஹிந்திரா எம்எம் 540 ஒண்ணு இருக்கு, அப்பா வாங்கினது, வருஷக்கணக்கா காசிமேட்டுக்கு ஐஸ் பெட்டியும் வலையும் ஏத்திட்டு போய் வந்த வண்டி. அப்பா 2022ல தவறிட்டாரு, அதுல இருந்து வண்டி ஷெட்லயே நிக்குது, ஆர்சியும் 2024ல முடிஞ்சிடுச்சு. மெக்கானிக் இஞ்சின், டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் சேர்த்து ரெண்டு லட்சம் கேக்குறாரு. புரோக்கர் ஒருத்தர் 65,000 தர்றேன், கையெழுத்து மட்டும் போட்டா இன்னைக்கே எடுத்துக்குறேங்குறாரு. அண்ணன் வித்துடலாம்ங்குறாரு, அம்மாவுக்கு மனசு வரல. என்ன பண்றது?

தம்பி, முதல் வேலையா அந்த புரோக்கருக்கு போன் போட்டு இப்போதைக்கு விக்கலன்னு சொல்லிடுங்க. மூணு வருஷமா ஸ்டார்ட் ஆகாத ஜீப்புக்கு, ஜாக்கி போட்டு அடியில கூட பாக்காம ஒருத்தர் பணத்தோட வந்து நிக்கிறாருன்னா அவர் வாங்க வந்தது ஜீப்பை இல்ல, உங்க அப்பாவோட ஆர்சி புக்கை. மிலிட்டரி டிஸ்போசல்ல, அதாவது ராணுவம் கழிச்சு விட்டதுல வந்த பாடி, எங்கேயோ கழட்டின இஞ்சின், சில சமயம் திருட்டு வண்டியோட சேசிஸ் (வண்டியைத் தாங்குற அடிச்சட்டம்), இதையெல்லாம் ஒண்ணாக் கோத்து அதுக்கு ஒரு பழைய ஆர்சியை மாட்டி ரோட்ல விடறது பல வருஷமா நடக்குது, அந்த வேலைக்கு உங்க வீட்டு பேப்பர் ரொம்ப வசதி. அப்பா கையெழுத்தை நீங்களே போட்டுக் குடுத்துடுங்கன்னும் சொல்வாங்க. அது போர்ஜரி, ஜெயில் வரைக்கும் போற விஷயம்.

இன்னொரு பயமுறுத்தலும் காட்டுவாங்க, 15 வருஷத்துக்கு மேல ஆன வண்டியை கவர்மெண்ட் பிடுங்கி நசுக்கப்போகுது, இப்பவே தள்ளிடுங்கன்னு. டீசல் 10 வருஷம் பெட்ரோல் 15 வருஷம்ங்கிற கட்டுப்பாடு டெல்லி பக்கத்து கதை. 2023 ஏப்ரல்ல இருந்து 15 வருஷத்தோட நிறுத்தினது கவர்மெண்ட்டோட சொந்த வண்டிங்களை. உங்களுது சொந்த உபயோக வண்டி, நல்லா இருந்தா அஞ்சு அஞ்சு வருஷமா ரெனியூ பண்ணிட்டே போகலாம், உங்க அப்பாவே 2009, 2014, 2019ன்னு மூணு தடவை பண்ணிதானே ஓட்டியிருக்காரு.

சரி, ரிப்பேரா விக்கிறதான்னா, அதை இஞ்சின் முடிவு பண்ணாது. அதுல இருக்கிறது பியூஜோ டீசல் இஞ்சின், 2112 சிசி, கெட்டாலும் ரீபோர் பண்ணி, அதாவது சிலிண்டரைக் கடைஞ்சு, பிஸ்டன் செட் மாத்தி எழுப்பிடலாம், லேத் பட்டறைக்காரங்களுக்குப் பழகின வேலை. சேசிஸ் போச்சுன்னா மட்டும்தான் வண்டி போச்சு. உங்க வண்டிக்கு அந்த பயம் ரெட்டிப்பு, ஏன்னா மேல கடல் காத்து, உள்ள ஐஸ் பெட்டில இருந்து சொட்டுன உப்புத்தண்ணி. மீன் ஏத்துன ஜீப்பை நான் நிறைய பாத்திருக்கேன், மேல பாடி பளபளன்னு இருக்கும், பின்னாடி கிராஸ் மெம்பர், அதான் சேசிஸோட குறுக்குச் சட்டம், அது கிட்ட கை வெச்சா அப்பளம் மாதிரி உதிரும்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலைல வெளிச்சத்துல இதைப் பண்ணுங்க. சின்ன சுத்தி ஒண்ணு, பழைய ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு எடுத்துட்டு அடியில படுங்க, சக்கரத்துக்கு கல்லு முட்டுக் குடுத்துட்டு. முன்னாடில இருந்து பின்னாடி வரைக்கும் ரெண்டு பக்க சேசிஸையும் அரை அடிக்கு ஒரு தட்டு தட்டிட்டே வாங்க. ணங்னு சத்தம் வந்தா இரும்பு உயிரோட இருக்கு, தொப்புனு வந்தா உள்ள தின்னுடுச்சு. அந்த இடத்துல ஸ்க்ரூ டிரைவரை குத்திப் பாருங்க, உள்ள இறங்குச்சுன்னா ஒரு மார்க் போடுங்க. முக்கியமா பாக்க வேண்டிய இடம் ஸ்பிரிங் பட்டை வந்து சேருற ஷேக்கிள் பிராக்கெட், ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸ்ல உக்காந்திருக்கிற இடம், பின் கிராஸ் மெம்பர். கிராஸ் மெம்பர் மட்டும் போயிருந்தா வெட்டி வேற போட்டுடலாம். பிராக்கெட் பக்கம், ஸ்டியரிங் பக்கம் ஸ்க்ரூ டிரைவர் இறங்குச்சுன்னா அந்த வண்டிக்கு ஒரு ரூபா கூட செலவு பண்ணாதீங்க.

அடியில இருக்கும்போதே டிஃபரன்ஷியல் (அச்சு நடுவுல இருக்கிற கியர் உருண்டை) நட்டை லேசா லூஸ் பண்ணி ஆயில் பாருங்க. கறுப்பா வந்தா பரவால்ல, பால் டீ கலர்ல வந்தா உள்ள தண்ணி போயிருக்கு, 2023 டிசம்பர் மழைல உங்க ஏரியாவுல தண்ணி நின்னப்ப ஷெட்டுக்குள்ளயும் வந்துச்சான்னு வீட்ல கேட்டுக்குங்க. இன்னொண்ணு, யாராச்சும் ஆர்வக்கோளாறுல பேட்டரி போட்டு கிராங்க் பண்ண விட்டுடாதீங்க. பழைய டீசலை டேங்க்ல இருந்து இறக்கி, இஞ்சின் ஆயில் மாத்தி, கையால ஒரு சுத்து சுத்தவிட்டு, அப்புறம்தான் செல்ஃப். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊத்துற மூடியைத் திறங்க, புஸ்ஸு புஸ்ஸுனு புகை தள்ளுச்சுன்னா பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டனைத் தாண்டி காத்து கீழ இறங்குது, இஞ்சின் பிரிச்சுதான் ஆகணும். அது இல்லன்னா மெக்கானிக் சொன்ன ரெண்டு லட்சத்துல பெரிய பங்கு தேவையே இல்லாத வேலை. பெயிண்ட்டுக்கு இப்ப காசு குடுக்காதீங்க, பட்டி வெச்சு துருவை மூடிட்டா அப்புறம் விக்கிறப்ப வாங்குறவன் நம்பமாட்டான். பிரேக், ஸ்டியரிங், லைட்டு, டயர், இஞ்சின் ஓடணும், எஃப்சி, அதாவது வண்டி ஓட்டத் தகுதியா இருக்கான்னு ஆர்டிஓல பாக்குற சோதனை, அதுக்குக் காட்ட இது போதும்.

இப்ப பேப்பர். உங்க விஷயத்துல சிக்கலே இதுலதான், கொஞ்சம் பொறுமையா படிங்க. சாதாரணமா விக்கணும்னா ஃபார்ம் 29, ஃபார்ம் 30, விக்கிறவர் வாங்குறவர் கையெழுத்து, முடிஞ்சுது. ஆனா ஓனர் உயிரோட இல்லன்னா அந்த ஃபார்ம் எதுவும் செல்லாது, முதல்ல ஃபார்ம் 31ல வண்டி வாரிசு பேருக்கு வரணும், அதுக்கப்புறம்தான் அந்த வாரிசு 29, 30 போட்டு விக்க முடியும். ஓனர் இறந்த 30 நாளுக்குள்ள தகவல் சொல்லணும், மூணு மாசத்துக்குள்ள மாத்திக்கணும்னு சட்டம், நீங்க அதைத் தாண்டிட்டீங்க, அதனால வண்டி போயிடாது, ஆனா லேட்டுக்கு கட்டணும். இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ், ஒருத்தர் பேருக்கு மாத்திக்க மத்த வாரிசுங்க எல்லாம் சம்மதம்னு எழுதிக் குடுக்குற கடிதம், அம்மா, அண்ணன், கல்யாணம் ஆகிப் போன அக்கா தங்கச்சி இருந்தா அவங்களும். அண்ணன் மட்டும் கையெழுத்துப் போட்டா போதும்னு எவனாச்சும் சொன்னா அவனை நம்பாதீங்க. என்னைக் கேட்டா அம்மா பேருக்கே மாத்துங்க, பின்னாடி அண்ணன் தம்பிக்குள்ள பேச்சு வராது.

இதுல அலைச்சல் இருக்கு, சொல்லாம இருக்க முடியல. வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்துல போடுங்க, அது விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு ஒவ்வொரு படியா ஏறி வரும். அப்புறம் பரிவாகன்ங்கிற கவர்மெண்ட்டோட வண்டிப் பதிவு சைட்டுக்குப் போனா ஆர்சில இருக்கிற மொபைல் நம்பருக்கு ஓடிபி அனுப்புறேங்கும். செத்துப்போன மனுஷனோட நம்பர், சிம்மே கட் ஆகி வருஷமாச்சு, அதுக்கு எங்க போறது? ஒரு குடும்பம் துக்கத்துல இருந்து எழுந்து வந்து நிக்கிறப்ப இப்படி அலையவிடறது நியாயமே இல்ல, இந்த அலைச்சலைத்தான் புரோக்கருங்க காசாக்குறாங்க. ஆர்சில எந்த ஆர்டிஓ போட்டிருக்கோ அந்த ஆபீஸ்க்கு நேரா போய், பேர் மாத்தல் முன்னாடியா ரெனியூவல் முன்னாடியா, இன்சூரன்ஸ் யார் பேர்ல போடணும்னு கேட்டு ஒரு பேப்பர்ல எழுதிட்டு வாங்க, வாசல்ல நிக்கிற ஆளுகிட்ட கேக்காதீங்க.

செலவுக் கணக்கு இது. 20 வருஷம் தாண்டின காருக்கு ரெனியூவல் ஃபீஸ் 2025 ஆகஸ்ட்ல இருந்து 10,000 ரூபா. 2022க்கு முன்னாடி இதே வேலைக்கு வெறும் 600. லேட்டான ஒவ்வொரு மாசத்துக்கும் 500, அதனால தள்ளிப் போடாதீங்க. 1500 சிசிக்கு மேலங்கிறதால தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் 7,897, அதுக்கு மேல ஜிஎஸ்டி. பசுமை வரி தனி. இதையும் ரிப்பேர் செலவையும் கூட்டி வெச்சுட்டு அண்ணனோட உக்காந்து பேசுங்க.

சேசிஸ் நல்லா இருந்தா என் அபிப்பிராயம் இதுதான்: ஓடுற அளவுக்கு மட்டும் ரிப்பேர் பண்ணி, அம்மா பேர்ல மாத்தி, ஆர்சிக்கு உயிர் குடுங்க. அப்புறம் வெச்சுக்குறீங்களோ விக்கிறீங்களோ, பேரம் உங்க கையில இருக்கும். ஃபோர் வீல் வேலை செய்யுற பழைய ஜீப்பு கொடைக்கானல், போடி, கம்பம் பக்கம் எஸ்டேட்காரங்களுக்கு இன்னைக்கும் வேணும், அவங்க ஓட்டுறதுக்கு வாங்குறாங்க, நேரா அவங்களுக்கே குடுங்க. பேர் மாறின ஆர்சியைக் கண்ணால பாக்குற வரைக்கும் முழுசா சாவியை விட்டுடாதீங்க. எங்க தெருல ஒரு அண்ணன் தன்னோட மாருதி ஜிப்ஸியை வெறும் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு, ரெண்டு வருஷம் கழிச்சு கும்மிடிப்பூண்டி பக்கம் ஆக்சிடெண்ட், கோர்ட் நோட்டீஸ் இவர் வீட்டுக்கு வந்துச்சு. ரெக்கார்டுல யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், நஷ்ட ஈடு அவர்தான் கட்டணும்னு 2018லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

சேசிஸ் போயிருந்தா காயலாங்கடைல எடைக்குப் போடாதீங்க. பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்துல குடுத்து, டெபாசிட் சர்டிஃபிகேட் வாங்கி, ஆர்சியை ரத்து பண்ணுங்க. இல்லன்னா சேசிஸ் நம்பர் இருக்கிற துண்டை மட்டும் வெட்டி எடுத்து வேற வண்டில ஒட்டுவாங்க, அப்பா பேர்ல ஒரு வண்டி எங்கேயோ ஓடிட்டே இருக்கும்.

சுத்தி எடுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு. சேசிஸ்ல நம்பர் அடிச்சிருக்கிற இடத்தைத் தேடி மண்ணெண்ணெய்ல துணி நனைச்சு கையால மெதுவா துடைங்க, அந்த இடத்துல கிரைண்டரோ வெல்டிங்கோ யாரும் வைக்கக்கூடாது. பிரேக் இன்ஸ்பெக்டர் அந்த நம்பர் மேல பேப்பர் வெச்சு பென்சில் தேய்ச்சு பிரிண்ட் எடுக்குறப்ப ஒரு எழுத்து தெரியலன்னாலும் திருப்பி அனுப்பிடுவாரு. நம்பர் தெரிஞ்சதும் நல்ல வெளிச்சத்துல நாலு போட்டோ எடுத்து, மேல கிரீஸ் தடவி மூடி வைங்க.