கண்ணாடி படித்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் ஐயா. எஸ்டிபிஎம் (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்த மகள் 'அயனி கடத்தும் கண்ணாடி', அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்கள் ஊடே நகரக்கூடிய கண்ணாடி பற்றி ஆராயப் போவதாகச் சொன்னதிலிருந்து உங்களுக்குத் தூக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். கண்ணாடியை வைத்துப் பிழைக்க முடியுமா என்பது உங்கள் கேள்வி. நீங்களே அப்படித்தானே பிழைக்கிறீர்கள்!

உங்கள் செம்பனை ஆலை லேப்பில், கழிவுநீரில் முக்கி அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் மீட்டரின் நுனியில் சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்குமே, அதுதான் சங்கதி. காய்ந்துபோனால் தாறுமாறாகக் காட்டும் என்று பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊற வைத்திருப்பீர்கள். குமிழின் ஈரமான மேற்பரப்பு ஹைட்ரஜன் அயனியை உணர்கிறது. மெல்லிய கண்ணாடிக்குள் லித்தியமோ சோடியமோ அயனியாக நகர்ந்து மின்சாரத்தைக் கடத்துகிறது. கண்ணாடி இப்படி ஹைட்ரஜன் அயனியை உணரும் என்பது 1909இலேயே ஹாபர், கிளெமென்சியெவிச் என்ற வேதியியலாளர்கள் காட்டிவிட்ட விஷயம். ஈயம், காட்மியம் கலந்த நீரைக் கண்டுபிடிக்கவும் இந்த வகையில் வேறு கண்ணாடிகள் உண்டு.

மகளின் கண் இருப்பது பேட்டரியில். இன்றைய லித்தியம் பேட்டரிக்குள் இருப்பது தீப்பற்றக்கூடிய திரவம். அதற்குப் பதிலாக லித்தியம் சல்பைடும் பாஸ்பரஸ் சல்பைடும் சேர்த்துச் செய்த கண்ணாடியை வைக்கப் பார்க்கிறார்கள். கண்ணாடியில் அணுக்கள் ஒழுங்கின்றிக் கிடப்பதால் அயனிகள் நுழைந்து போகச் சந்துபொந்து அதிகம். ஆனால் ஈரக்காற்று பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம், விஷவாயு. அதனால் ஆர்கான் நிரப்பிய பெட்டிக்குள் கையுறை வழியாகத்தான் கையை விட்டு வேலை செய்ய வேண்டும். பொறுமை இல்லாத பிள்ளைக்கு ஒத்துவராது.

வேலை நிலவரத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கூலிமில் ஈவ் எனர்ஜியும் சிரம்பானில் சாம்சங் எஸ்டிஐயும் தயாரிப்பது திரவம் உள்ள பேட்டரிதான். கண்ணாடி பேட்டரி வேலை பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடங்களில்; அதற்கு முதுகலை, முனைவர் பட்டம் வரை போக வேண்டியிருக்கும். ஆகவே முதல் பட்டம் அகலமாக இருக்கட்டும்: வேதியியல், இயற்பியல் அல்லது மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங். கடைசியாகச் சொன்னதற்கு யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகம் உங்கள் நிபோங் திபாலிலேயே இருக்கிறது. வாடகைச் செலவே இல்லை. வேதியியல் எடுத்தால், மலேசிய வேதியியல் கழகத்தில் பதியத் தகுதியுள்ள பட்டமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆலை, நீர்ப் பரிசோதனைக் கூட வேலைக்கு அது கைகொடுக்கும்.

இறுதியாண்டு புராஜெக்டில் இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குப் பொருள் காட்டும் தடை) அளக்கும் கருவியைப் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள். பேட்டரி, சென்சார் இரண்டுக்கும் அது வேண்டும். யுபியு (அரசுப் பல்கலைக்கழக விண்ணப்பம்) படிப்புத் தேர்வு வரிசையை அவளே நிரப்பட்டும், ஐயா. இடம் கிடைத்ததும் பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்விக் கடன் விஷயத்தை நாம் பேசிக்கொள்ளலாம்.