பிரசங்கக் கூடம் நாடக அரங்கானபோது

கேள்வி: எடின்பரோவில் பழைய தேவாலயம் ஒன்றில் நாடகம் நடத்துகிறார்களாமே! அவ்வளவு உயரமான கூடத்தில் வசனம் முழங்கிக் குழம்பாதா?
– வாசகி, பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: தாங்கள் குறிப்பிடுவது பெட்லம் அரங்கம். 1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்து சென்ற சுதந்திரத் திருச்சபையினருக்காகத் தாமஸ் ஹாமில்டன் கோதிக் பாணியில் வடிவமைத்த கட்டடம் அது. 1941-இல் அங்கு வழிபட்டுவந்த சபையார் கிரேபிரையர்ஸ் என்னும் தேவாலயத்தின் சபையாருடன் இணைந்தார்கள். கட்டடம் பிற்பாடு எடின்பரோ பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டுக்கு வந்து, 1980 முதல் மாணவர்களின் நாடக அரங்கமாக இயங்குகிறது. இடிக்காமல் காத்ததை மனமாரப் பாராட்ட வேண்டும்.

உங்கள் ஐயம் மிகவும் நியாயமானது. கூடத்தின் கன அளவு கூடக்கூட எதிர்முழக்கம், அதாவது பேச்சு நின்ற பின்னும் சுவர்களில் பட்டுப்பட்டு ஒலி நீடிப்பது, நீளும். ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் அது குறையும். வெறும் கல்லும் சாந்துப் பூச்சும் ஒலியைத் திருப்பியனுப்ப, கனத்த திரைச்சீலையும் மெத்தை இருக்கையும் நெருங்கி அமர்ந்த மக்களும் அதை விழுங்கிவிடுகின்றனர். வசனம் தெளிவாகக் கேட்க, எதிர்முழக்கம் ஏறத்தாழ 1 நொடிக்குள் அடங்குவது நல்லது. மேலும், இந்தச் சுதந்திரத் திருச்சபை போன்ற சீர்திருத்தச் சபையினரின் வழிபாட்டில் பிரசங்கத்துக்கே முதலிடம் என்பதால், பேசுபவரை அனைவரும் காணவும் கேட்கவும் ஏற்றவாறே அவர்கள் கூடங்களை அமைத்தார்கள். நாடகத்துக்கு வேண்டியதும் அதுதானே! நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திடலில் கூத்துக்காரர்களுக்கு இருப்பதோ நேர் எதிரான சிக்கல்: குரலைத் திருப்பித் தர ஒரு சுவரும் இல்லாததால், கடைசி வரிசைவரை எட்டும்படி அவர்கள் உச்சக்குரலில் பாட வேண்டியிருக்கிறது.